வண்டிக்குச் சக்கரம் இருக்கு... நிற்க இடம் இருக்கா?

வெளியூரில் பொட்டி தட்டும் நம்ம ஆட்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கும். ஒன்று, "ஊர்ல கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டு விவசாயம் பண்ணணும்." இன்னொன்று, "வேலையை விட்டுட்டு ஒரு ஃபுட் டிரக் போட்டுடணும். நம்ம ஊர் இட்லி, ஆப்பம், கொத்து பரோட்டா... சும்மா பிச்சுக்கும் பாருங்க!" மும்பையில் இருக்கும் இத்தனை வருஷத்தில் முதல் ஆசையை விட இரண்டாவதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். வடா பாவ் தின்று அலுத்த நாக்கு அப்படித்தான் பேசும் :-)

வண்டி என்ன விலை, மாவு எங்கே அரைப்பது, மாஸ்டர் கிடைப்பாரா என்று எல்லாக் கணக்கும் போடுவோம். ஒரு கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. வண்டியை எங்கே நிறுத்துவது? எனக்குக் கொஞ்சம் வரலாற்றுக் கிறுக்கு உண்டு. அந்தக் கிறுக்கில் படித்துப் பார்த்ததில், சாப்பாட்டு வண்டியின் நூற்றைம்பது வருஷக் கதையே இந்த ஒற்றைக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வாங்க, கொசுவர்த்திச் சுருளைச் சுற்றுவோம்.

1866. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த மறு வருஷம். டெக்சாஸிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளை வடக்கே ஓட்டிப் போகிறார்கள். ஓட்டிப் போகிறவர்கள் வாரக்கணக்கில் வெட்டவெளியில் கிடக்க வேண்டும். சோறு? சார்லஸ் குட்நைட் என்ற மாட்டு வியாபாரி, ராணுவத்தில் ஓடிய பழைய குதிரை வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் அறை அறையாகப் பிரித்த ஒரு பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கீழே இறக்கினால் அதுவே மேசை. அவரை, உப்புக்கண்டம், காபி எல்லாம் அதற்குள். 'சக் வாகன்' என்று பேர் வந்தது. இன்றைய ஃபுட் டிரக்குக்கு இதுதான் கொள்ளுப்பாட்டன் என்று சொல்வார்கள். புல்வெளியில் எங்கே நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை. அந்த சுகம் அதோடு முடிந்தது. வண்டி ஊருக்குள் வந்தது, வம்பும் கூடவே வந்தது.

1872. ராட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்ற நகரம. அங்கே வால்டர் ஸ்காட் என்று ஒருவர் (நாவல் எழுதினாரே, அவர் இல்லை). கூடையில் சாண்ட்விச்சும் காபியும் விற்றுக்கொண்டிருந்தவர், ஒரு குதிரை வண்டியை வாங்கி உள்ளூர்ச் செய்தித்தாள் அலுவலகத்தின் முன்னால் நிறுத்தினார். அந்த இடத்தை ஏன் பிடித்தார் என்பதில்தான் விஷயம். அந்தக் காலத்தில் ஓட்டல்கள் ராத்திரி எட்டு மணிக்கே மூடிவிடும். பேப்பர் ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட். பசியோடு வெளியே வருகிறவனுக்கு எதிரிலேயே வண்டி. சமையல் திறமையை விட, நின்ற இடமும் நின்ற நேரமும்தான் அவருக்குச் சோறு போட்டன.

இதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 1887-ல் வூஸ்டர் நகரில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர், வாடிக்கையாளர் உள்ளே ஏறி நின்று சாப்பிடும் அளவுக்குப் பெரிய வண்டியை விட்டார். பிறகு இப்படிப்பட்ட வண்டிகளைக் கட்டி விற்பதே ஒரு தொழிலாக ஆனது. ராத்திரி வண்டிகள் பகலிலும் நிற்க ஆரம்பித்தன. வாடகை கொடுத்துக் கடை போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? நகரசபைகள் விதி போட்டன. பிராவிடன்ஸிலேயே காலை 10 மணிக்குள் வண்டிகள் தெருவை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆனது. வண்டிக்காரர்கள் யோசித்தார்கள். காலி மனையை வாடகைக்குப் பிடித்து வண்டியைக் கொண்டுபோய் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கப் படங்களில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக வருமே 'டைனர்', அது இப்படி உருவானதுதான். நிற்க இடம் கொடுக்காததால் ஓடும் வண்டி கட்டடமாக மாறிய கதை!

அடுத்து லாஸ் ஏஞ்சலஸ். 1974-ல் ரவுல் மார்ட்டினெஸ் என்ற மெக்சிகோக்காரர் ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை டாக்கோ வண்டியாக மாற்றி, கிழக்குப் பகுதியில் ஒரு மதுக்கடை வாசலில் நிறுத்தினார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போய், அதிலிருந்து 'கிங் டாக்கோ' என்ற ஓட்டல் வரிசையே வந்தது. அவருக்குப் பின்னால் பிழைக்க வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு டாக்கோ வண்டிதான் முதல் முதலீடு. 2008 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நிர்வாகம் புது விதி போட்டது. ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் குற்றம். ஆயிரம் டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. டாக்கோ விற்றதற்கு ஜெயில்! மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது.

அதே 2008 நவம்பரில் அதே ஊரில் ராய் சோய் என்ற கொரிய வம்சாவளி சமையல்காரரும் அவர் கூட்டாளிகளும் 'கோகி' வண்டியை இறக்கினார்கள். டாக்கோவுக்குள் கொரிய இறைச்சி. வண்டி இன்று எங்கே, எத்தனை மணிக்கு நிற்கும் என்று அப்போது புதிதாக இருந்த ட்விட்டரில் சொன்னார்கள். ஜனம் தேடி வந்து வரிசையில் நின்றது. இன்று நம்ம ஊர் இளைஞர்கள் கனவு காணும் ஃபுட் டிரக் மோகம் பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பியதுதான். 'நிலையான இடம் இல்லை' என்ற பலவீனத்தையே விளம்பரமாக மாற்றியது அவர்கள் சாமர்த்தியம்.

நம்ம ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த திருக்குமார் கந்தசாமி 2001-ல் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் தள்ளுவண்டியில் தோசை சுட ஆரம்பித்தார். 2007-ல் அந்த ஊர்த் தெருவோர உணவுக்கான 'வென்டி' விருது அவருக்குக் கிடைத்தது. தோசை அருமை, சரி. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய பூங்கா, வருஷக்கணக்காக அதே இடம். நியூயார்க்கில் 1983-லிருந்தே வண்டி உரிமங்களின் எண்ணிக்கை சுமார் 3000 என்று வரம்பு கட்டப்பட்டிருந்தது. அதனால் உரிமத்தைக் கள்ள வாடகைக்கு எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தார்கள். அந்த ஊரில் வண்டியை விட விலை உயர்ந்தது நிற்கும் உரிமைதான்.

சரி, அமெரிக்கக் கதை போதும். நம்ம நாட்டுக்கு வருவோம்.

நம்மிடம் தள்ளுவண்டியும் கையேந்தி பவனும் எப்போதுமே உண்டு. உரிமை பற்றிய வழக்குகள்தான் பின்னால் வந்தன. பம்பாய் நடைபாதை வியாபாரிகள் சங்கம் போட்ட வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம், நகரத்தில் வியாபாரம் செய்யக்கூடிய பகுதி, கூடாத பகுதி என்று பிரிக்கச் சொன்னது. இந்த வழக்குகளில் பேசப்பட்ட திட்டத்தில் ஒரு வியாபாரிக்கு நடைபாதை ஓரமாக ஒதுக்கிய இடம் எவ்வளவு தெரியுமா? 1 மீட்டருக்கு 1 மீட்டர். அதில் ஒரு கூடையும் ஒரு ஆளும் உட்காரலாம். ஃபுட் டிரக்கின் முன் பம்பர்கூட நிற்காது.

1989-ல் டெல்லி வியாபாரிகள் தொடர்ந்த சோதன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மிக முக்கியமான தீர்ப்பைத் தந்தது. தெருவில் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. ஆனால் இந்த இடம்தான் வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அதாவது விற்கலாம், ஆனால் இங்கேதான் நிற்பேன் என்று அடம் பிடிக்க முடியாது. பிராவிடன்ஸ் வண்டிக்காரர்களின் அதே பிரச்சினை, நம்ம சட்டமொழியில்!

அதற்கப்புறம் 25 வருஷம் கழித்து, 2014 மே 1-ல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. நல்ல சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. ஒவ்வொரு நகரத்திலும் வியாபாரக் குழு வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் என்கிறது. நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை இடம் கொடுக்கலாம் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் மும்பை மாநகரின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். அப்படியானால் சுமார் 3 லட்சம் பேர். ஓரிடத்தில் நிற்பவர், இடம் மாறி மாறி விற்பவர் என்று இருவகையினரையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

ஆகா, நம்ம டிரக்குக்கு வழி பிறந்தது என்று துள்ள வேண்டாம். சான்றிதழ் வாங்குகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டிய உறுதிமொழியைப் படியுங்கள். வியாபாரத்தை நானோ என் குடும்பத்தாரோதான் செய்வோம். எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. இந்தச் சான்றிதழை யாருக்கும் மாற்றித் தரமாட்டேன், வாடகைக்கும் விடமாட்டேன். ஐ.டி. வேலையை வைத்துக்கொண்டு, ஆள் போட்டு, சாயங்காலம் டிரக் ஓட்ட நினைப்பவர் இதில் எங்கே பொருந்துவார்? இந்தச் சட்டம் நமக்காக எழுதப்பட்டதில்லை. கூடையோடு வந்தவருக்காக எழுதப்பட்டது. அது நியாயமும்கூட.

இது ஏதோ ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. என்னோடு வேலை செய்யும் தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர் பி.எஃப். பணம், மனைவியின் நகை எல்லாவற்றையும் போட்டு டிரக் வாங்கும் முடிவில் இருந்தார். அவர் வீட்டம்மா என்னிடம், "அண்ணா, எல்லாம் சொல்றாரு. வண்டியை எங்க நிறுத்துவாருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரே" என்றார். நானும் நண்பரும் ஒரு வாரம் சாயங்காலம் அவர் குறித்து வைத்திருந்த தெருமுனைக்குப் போய் நின்றோம். அங்கே ரொம்ப நாளாக டீ விற்பவர் சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார்: "பிடிக்கிற வண்டி வந்தா நான் அடுப்பை அணைச்சுட்டு ரெண்டு நிமிஷத்துல சந்துக்குள்ள போயிடுவேன். நீங்க இந்த லாரியை எங்க தள்ளுவீங்க?"

வண்டி பெரிதாக ஆக, ஓட முடியாமல் போகிறது. சக்கரம் இருந்தும் மாட்டிக்கொள்வது நாம்தான்.

அதனால்தான் நம்ம நாட்டில் தாக்குப்பிடிக்கும் டிரக்குகள் பலவும் தெருவை நம்பாமல் அலுவலக வளாகம், திருவிழா மைதானம், கல்யாண விருந்து என்று தனியார் இடத்தில் நிற்கின்றன. 2022 மார்ச் பட்ஜெட்டில் டெல்லி அரசு ஃபுட் டிரக் கொள்கை என்று அறிவித்தபோது ராத்திரி 8 முதல் 2 மணி வரை என்றுதான் பேசியது. வால்டர் ஸ்காட் 1872-ல் கண்டுபிடித்த அதே ராத்திரி இடைவெளி!

இறங்கியே தீருவேன் என்கிறவர்கள் வரலாற்றிலிருந்து இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இடத்தை எழுத்தில் வாங்குங்கள், பிறகு வண்டி. வாய்வார்த்தையை நம்பாதீர்கள். வண்டியின் உடலை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வெல்டிங்கில் கை வைக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு, வணிக சிலிண்டர், தீயணைப்பான் எல்லாம் அதற்கப்புறம்.

நண்பர் இன்னும் வேலையை விடவில்லை. பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்திடம் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மட்டும் கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருக்கிறார். இரண்டு மேசை, ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு தோசைக்கல். தங்கமணியின் நகை தங்கமணியிடமே இருக்கிறது :-)

தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தபடி வருகிறார்களே நம்ம ஊர்க்காரர்கள், அவர்கள் இந்தத் தீர்ப்பையெல்லாம் படித்திருக்கப் போவதில்லை. ஆனால் ஒரு வாசலில் ஐந்து நிமிஷம், அடுத்த வாசலில் ஐந்து நிமிஷம், வெயில் ஏறுவதற்குள் பாத்திரம் காலி. எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது அவர்களுக்குக் கால்களுக்கே தெரியும். டிரக் கனவு உள்ளவர்கள் யூடியூப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலை அவர்களில் ஒருவரோடு நடந்து பாருங்கள். இரண்டு ப்ளேட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள், சட்னிக்கே காசு தகும்.