வெங்காரமும் பேத்தியின் ஸ்லைமும்

போன டிசம்பரில் மகளும் பேத்தியும் பாரிசிலிருந்து புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. வந்த மூன்றாம் நாளே கைப்பேசியில் ஒரு செய்முறையைக் காட்டி, "தாத்தா, நாம பனி ஸ்லைம் செய்யலாமா?" என்றாள்.

ஸ்லைம் என்றால் என்னவென்று அறியாத என் வயது நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்பும் ரப்பரின் இழுவையும் சேர்ந்த ஒரு விளையாட்டுப் பொருள் அது. கையில் ஒட்டாது, இழுத்தால் நீளும், விட்டால் வழியும். அங்கே பிள்ளைகள் பருவத்துக்கு ஒரு நிறத்தில் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்கு ஆரஞ்சு, கிறிஸ்துமசுக்கு வெள்ளையில் வெள்ளி மினுக்கு.

பிரெஞ்சில் இருந்த செய்முறையை நானே படித்தேன். வெள்ளைப் பசை, வெந்நீர், போராக்ஸ். பசைக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆயுள் முழுக்கக் கோப்புகளில் கோந்து தடவிய குமாஸ்தா நான். போராக்ஸ் என்பது நம்ம வெங்காரம்தானே என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "குழந்தைக்கு வாய்ப்புண்ணாங்க ஐயா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை 1957க்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்கு வாயில் புண். ஆயா வெங்காரத்தைப் பொரித்து, பொடி செய்து, தேனில் குழைத்து நாளுக்கு நாலு தடவை தடவினார். அது எல்லா வீட்டிலும் செய்ததுதான். சில வாரத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஒரு நாள், மறுநாள், மறுபடியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்தவர் பிரெஞ்சுக்கார டாக்டர். வாயில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். வீட்டில் பிரெஞ்சு படிக்கிறவன் நான் ஒருவன்தான். தேனுக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும், சொன்னேன். வெங்காரத்துக்குத் தெரியவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓடி, ஆயாவின் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். டாக்டர் விரலில் தொட்டுப் பார்த்து, "போராக்ஸ்" என்றார். இனி தொடவே கூடாது என்றார். நிறுத்தினோம். வலிப்பும் நின்றது. எங்கள் ஆயா அதற்குப் பிறகு அந்தப் பொட்டலம் இருந்த மாடத்தின் பக்கமே போகவில்லை.

தேனும் வெங்காரமும் சப்பிய கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததையும், நிறுத்தியதும் அது நின்றதையும் பிற்காலத்தில் மேலை நாட்டு டாக்டர்களும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வெங்காரத்தின் பயணம் நீண்டது. பழங்காலத்தில் இது திபெத்தின் ஏரிக்கரைகளில் கிடைத்தது. ஆட்டு முதுகில் ஏற்றி இமயமலைக் கணவாய்களைத் தாண்டி இந்தியாவுக்குக் கொண்டுவருவார்கள். பொற்கொல்லர்கள் நகையைப் பற்றவைக்க இதைத்தான் தடவினார்கள். டங்கணம் என்ற வடமொழிப் பெயர்தான் உருமாறி 'டின்கால்' என்று ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. அங்கே வெனிஸ் நகரத்தார் அதைச் சுத்தம் செய்து விற்றார்கள். 1818ல் லார்தரெல் என்ற பிரெஞ்சுக்காரர் இத்தாலியின் டஸ்கனியில், பூமியிலிருந்து ஆவி பீறிடும் குட்டைகளிலிருந்து போரிக் அமிலம் எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். அந்த ஊர் இன்றும் அவர் பெயரால் லார்தரெல்லோ எனப்படுகிறது. 1883 முதல் 1889 வரை கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கிலிருந்து இருபது விலங்குகள் பூட்டிய வண்டிகள் 265 கிலோமீட்டர் பாலைவனத்தில் இதை இழுத்துச் சென்றன.

விளையாட்டுக்கு இது வந்தது 1976ல். அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் பச்சை நிற ஸ்லைமை அடைத்து விற்றது. அதில் முக்கியமான சரக்கு இரண்டு: வெங்காரம், குவார் பிசின். குவார் வேறொன்றுமில்லை, நம் கொத்தவரைதான். அதன் விதையிலிருந்து எடுப்பது அந்தப் பிசின். உலகின் குவாரில் பெரும்பங்கு இன்றும் ராஜஸ்தான் பக்கத்து மானாவாரி நிலங்களில்தான் விளைகிறது.

பிசினிலும் பசையிலும் இருப்பவை இடியாப்பம் போன்ற நீண்ட இழைகள். வெங்காரம், பூக்கட்டும் நார் போல, அந்த இழைகளை அங்கங்கே முடிச்சிடுகிறது. முடிச்சு இறுகாமல் அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழுவதால்தான் ஸ்லைம் வழியவும் செய்கிறது, உருண்டையாக நிற்கவும் செய்கிறது. 2016, 2017ல் இணையத்தின் வழியாக இந்தப் பித்து பரவியபோது அமெரிக்கக் கடைகளில் பசைக்கே தட்டுப்பாடு வந்தது. 2018ல் பிரெஞ்சு அரசு அமைப்புகள், வீட்டில் ஸ்லைம் செய்யும் பிள்ளைகளுக்குத் தோல் புண்ணாவது பற்றி எச்சரித்தன. ஒட்டும் தன்மையுள்ள விளையாட்டுப் பொருளில் போரான் கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வெளிப்படக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. வீட்டில் கரண்டியால் அள்ளிப் போடுகிறவர்கள் எந்த விதியைப் பார்க்கப்போகிறார்கள்?

கடையில் நான் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இசப்கோல் வாங்கி வந்தேன். பேத்தியின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அடுப்படிக்கு வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோலைப் போட்டுக் கிளறிக் கிளறிக் கொதிக்கவைத்தோம். கெட்டியாகிச் சுருண்டு வந்ததும் இறக்கி ஆறவிட்டோம். பனி வெள்ளை வரவில்லை, கொஞ்சம் கலங்கல்தான். பாதியில் பீட்ரூட் சாறு கலந்தாள். இரண்டு நாள் விளையாடினாள், பிறகு தூக்கிப் போட்டோம்.

அன்று மாலை போராக்ஸ் ஏன் வேண்டாம் என்று சொன்னேன் என்பதற்கு, சின்னத் தாத்தாவின் கதையைச் சொன்னேன். அவளுக்கு போராக்ஸ் தெரியும், வெங்காரம் தெரியாது. ஏழு வயதில் எனக்கு அப்படியே தலைகீழ். நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் "வெங்காரம்" என்று எழுதிக்கொண்டாள்.

நண்பர்களே, உங்கள் வீட்டு மாடத்திலும் அந்தப் பொட்டலம் இருக்கலாம். பேரப்பிள்ளைகளின் வாயிலும் வைக்காதீர்கள், கையிலும் கொடுக்காதீர்கள்.

என் தம்பிக்கு இப்போது பேரன் இருக்கிறான். நேற்று போனில் இதையெல்லாம் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லண்ணே" என்று சிரித்தான்.