அட்டவணையில் விடுபட்ட கட்டம்

2020 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுத் திண்ணையில், முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி உட்கார்ந்து, நான்கு பெண்கள் ஒரு வருடத்துக்கான பாடத்திட்டம் போட்டோம். நால்வர் வீட்டிலும் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள். கணக்கும் ஆங்கிலமும் கைபேசி வழியாக வந்துகொண்டிருந்தன. மற்றதையெல்லாம் வரலாற்றை நடுவில் வைத்துக் கட்டிவிடலாம் என்று சொன்னவள் நான்தான். ஒரு காலத்தை எடுத்துக்கொண்டால் அந்தக் காலத்தின் பாட்டும் நிலமும் துணியும் சாப்பாடும் கூடவே வந்துவிடும் அல்லவா? நாற்பது வாரம், வாரத்துக்கு ஒரு தலைப்பு. சார்ட் தாளில் எழுதி, படமெடுத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

சுவரில் ஒட்டி முடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது பத்து வயதிலிருந்த என் மகள் தாளில் விரலை ஓட்டி எண்ணிப் பார்த்தாள். "நாப்பது வாரத்துல பொம்பளைங்க பேரு மூணுதாம்மா இருக்கு" என்றாள். மங்கம்மாள், மீனாட்சி, ஜான்சி ராணி. கல்லூரியில் பெண்ணியம் பாடம் நடத்துகிறவள் போட்ட அட்டவணை அது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்று பெயர்தான் இருந்தது என்பது மட்டும் காரணமில்லை. பெண் குழந்தையை வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது என்பதற்கே நம் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. அதை மறந்துவிட்டு நான் சார்ட் தாளில் கோடு போட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

1886ஆம் ஆண்டு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒருவர் திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. இன்னொருவர் பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி என்று அறியப்பட்டவர். முத்துலட்சுமியின் அப்பா நாராயணசாமி கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும் என்றுதான் அவரைப் படிக்க அனுப்பினார்கள். வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றது. வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தாயின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே அந்தக் கதவு திறந்தது. 1912இல் அவர் டாக்டர் ஆனார்.

சுப்புலட்சுமிக்கு நடந்தது குழந்தை மணம். கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். விதவைச் சிறுமிக்கு வாசல் கிடையாது. அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் வீட்டில் வைத்துக் கற்பித்தார். பிறகு கான்வென்ட், கல்லூரி. 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான். அடுத்த ஆண்டே எழும்பூரில் தன் வீட்டில் விதவைச் சிறுமிகளைச் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கினார்.

இந்த இரண்டு பேரையும் வீட்டுக் கல்விக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் வீட்டில் படித்தது யாரும் விரும்பித் தேர்ந்துகொண்டதால் அல்ல. பூப்பும் கைம்மையும் வெளியே பூட்டுப் போட்டதால் உள்ளே நடந்த படிப்பு அது. இருவரும் வளர்ந்தபின் செய்த முதல் வேலை, மற்ற பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடம் உண்டாக்கியது. முத்துலட்சுமி 1930இல் அவ்வை இல்லம் தொடங்கினார். உள்ளே கற்றவர்களுக்குத்தான் வெளியின் அருமை தெரிந்திருந்தது.

கடலுக்கு அப்பாலும் அதே காலத்தில் வீடுகள் பள்ளியாகிக்கொண்டிருந்தன. 1891இல் இங்கிலாந்தில் சார்லட் மேசன் தபால் வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பருவந்தோறும் பாடத்திட்டமும் தேர்வுத் தாளும் அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். காலனி நாடுகளில் இருந்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்கும் போகும். வரலாற்றைக் கால வரிசையில் படித்து, நூற்றாண்டுக்கு இவ்வளவு பக்கம் என்று ஒதுக்கிய நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகள் எழுதவும் வரையவும் வேண்டும். இன்று அமெரிக்காவில் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் பல, பண்டைக் காலம் தொடங்கி நவீன காலம் வரை நான்கு ஆண்டுச் சுற்றாக வரலாற்றை வைத்துத் திட்டம் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் மேசனின் திட்டத்தை வீட்டுக்குள் நடத்தியவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும், சம்பளத்துக்கு வந்த கவர்னஸ் பெண்களும். அட்டவணையில் பாடத்தின் பெயர் இருக்கும். பாடம் சொல்பவளின் பொழுது இருக்காது.

என் அம்மா உறையூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தார். அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இராட்டை முன்னால் தார் சுற்ற உட்காரவைத்தார்கள். மாமாவின் போன வருடத்து வரலாற்றுப் புத்தகம் அடுப்பெரிக்கப் போகும் முன் அம்மா கைக்கு வரும். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு படிப்பார். "பானிபட்டு மூணு யுத்தமும் வருசத்தோட சொல்லுவேன், ஆனா நம்ம தறி எப்ப உறையூருக்கு வந்துச்சுன்னு அந்தப் புத்தகத்துல இல்ல" என்பார். மறுநாள் காலை சார்ட்டைக் கிழித்துவிட்டு அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக எழுத உட்கார்ந்தேன்.

மூன்று விதி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வாரத்துக்கும், நடந்தோ பஸ் ஏறியோ போய்ப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பெயர் வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் அவள் செய்த வேலையையாவது எழுத வேண்டும். சொல்லப்படுவது கதையா, கல்வெட்டா என்று பிள்ளைகள் கேட்க வேண்டும்.

வருடத்தை ஜூனில் தொடங்காமல் ஆடியில் தொடங்கினோம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் காவிரி. காவிரி என்றால் கரிகாலன். ஆனால் கரிகாலன் வென்ற வெண்ணிப் போரைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார், குயவர் குலப் பெண். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அவருடையது. வென்ற அரசனைப் பார்த்து, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த தோற்றவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கும் பாட்டு. பானை வனையும் குலத்தில் ஒருத்தி அரசன் முகத்துக்கு நேரே இப்படிக் கேட்டாள் என்பதைவிடப் பிள்ளைகளுக்கு வேறென்ன வரலாறு சொல்ல வேண்டும்?

புரட்டாசியில் தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் அங்கே குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அச்சான கல்வெட்டுத் தொகுதியை விரித்து, பெயர்களைப் பிள்ளைகள் முறைவைத்து வாசித்தார்கள். கோயில் கட்டிய அரசன் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்த நானூறு பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அவர்கள் விரும்பி வந்தார்களா என்று என் மகள் கேட்டாள். கல்லில் அதற்கு இடமில்லை என்றேன். அங்கிருந்து முத்துலட்சுமி ரெட்டிக்கும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஒரே வாரத்தில் போக முடிந்தது.

மார்கழிக்கு வெள்ளைக் கோபுரம். 1323இல் டில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்து உற்சவர் வெளியேறி, 1371இல்தான் திரும்பினார். வெள்ளையம்மாள் என்ற தாசி பகைத் தளபதியைக் கோபுரத்தின் மேல் அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்பது ஊர்க் கதை. 1371க்குக் கல்வெட்டு இருக்கிறது. வெள்ளையம்மாளுக்கு இருப்பது கதை. கதை பொய் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. செத்தால்தான் ஒரு பெண்ணை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தோம்.

தையில் 1689 முதல் ஆண்ட மங்கம்மாளும், 1732இல் ஆட்சிக்கு வந்த மீனாட்சியும். மலைக்கோட்டை அடியில் மங்கம்மாள் பெயரில் இருக்கும் மண்டபம் இன்று அரசு அருங்காட்சியகம். சித்திரையில் உப்பு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த ஏறத்தாழ நூறு பேரும் ஆண்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன முதல் பெண் என்று சொல்லப்படும் ருக்மிணி லட்சுமிபதி கைதானது அதே வேதாரண்யத்தில். வழியெல்லாம் அந்த நூறு பேருக்குச் சோறு பொங்கிய கைகளுக்கும் ஒரு வாரம் கொடுத்தோம். தறி வாரத்தை அம்மாவே நடத்தினார்.

மூன்றாவது வாரம் எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்கும் அக்கா வாசலில் நின்று கேட்டார்: "எம் பொண்ணையும் ஒரு ஓரமா ஒக்கார வச்சுக்கிறீங்களாம்மா? போனு இல்ல, அவளுக்கு ஒண்ணுமே நடக்கல." நான் சரி என்றேன். அன்று மாலை எங்கள் நால்வரில் ஒருவர் போன் செய்தார். கொரோனா காலம், வெளியாள் வேண்டாமே என்று அவர் வீட்டில் சொல்கிறார்களாம். அதே அக்கா தினமும் அந்த வீட்டுக்குள் போய்த்தான் பாத்திரம் தேய்க்கிறார். தேய்க்க உள்ளே போனால் வராத நோய், அவர் மகள் படிக்கத் திண்ணையில் உட்கார்ந்தால் வந்துவிடுமா? கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. ஒரு வாரம் சாக்குச் சொல்லி வகுப்பைத் தள்ளிப்போட்டேன். புதுக்கோட்டைக் கல்லூரி வாசலில் நின்ற பெண்ணைப் பற்றி வருடந்தோறும் கண் கலங்கப் பாடம் நடத்துகிறவள் நான்.

முடிவெடுத்தது அம்மா. "திண்ணை நம்ம வாடகையிலதான இருக்கு? வர்றவங்க வரட்டும்" என்றார். ஒரு குடும்பம் விலகியது. அந்தச் சிறுமி வந்தாள். நானூறு பெயரில் அதிகம் வாசித்தவள் அவள்தான்.

வீட்டிலேயே கற்பிப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. பள்ளியில் அவமானப்படும் குழந்தைக்கும், பள்ளியின் வேகத்துக்கு ஒத்துவராத குழந்தைக்கும் அது வழியாக இருக்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை அருகமைப் பள்ளியை உரிமையாக்குகிறது. வீட்டுக் கல்வி பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆனால் பள்ளி என்ற பொது இடம், என் அம்மாவுக்கு மறுக்கப்பட்டது, பாத்திரம் தேய்க்கும் அக்காவின் மகளுக்கு வேறு எங்கும் கிடைக்காதது. வீட்டைப் பள்ளியாக்குகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது? இந்த வருடம் யாருடைய பொழுதில் ஓடுகிறது?

இரண்டாவது கேள்வி அரசுக்கும் பொருந்தும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். வீட்டுக்குள் சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்கு அதுவும் இல்லை.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் திறந்தன. அந்தச் சிறுமியும் என் மகளும் அவரவர் பள்ளிக்குப் போனார்கள். அந்த அட்டவணையை இப்போதும் என் மாணவிகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: ஆறு, கோயில், ஆலை, பெயர், எதுவும் மாறலாம். கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முதல் சார்ட்டில் அது இல்லை. இரண்டாவதில் அம்மா சொல்லிச் சேர்த்தது: இந்த வாரம் யார் சொல்லிக்கொடுத்தது, அந்த நேரத்தில் வீட்டு வேலை யார் பார்த்தது. வெள்ளைக் கோபுர வாரத்துக்கு நேரே அம்மாவின் குண்டு குண்டான எழுத்து இன்னும் இருக்கிறது: "பாடம் நான். சமையல் மாப்பிள்ளை."