ஊர்வனவற்றில் உள்ளிட உணர்விழப்பு

ஊர்வனவற்றில் உள்ளிட உணர்விழப்பு என்பது ஆமை, பல்லி, பாம்பு, முதலை முதலிய ஊர்வன இனங்களுக்குச் சிகிச்சை அளிக்கும்போது, விலங்கின் நினைவை நீக்காமல், உடலின் ஒரு பகுதியில் மட்டும் வலியுணர்வைத் தற்காலிகமாகத் தடுக்கும் கால்நடை மருத்துவ முறையாகும். லிடோகெயின், பியூபிவகெயின், மெபிவகெயின் ஆகியவை இதற்குப் பயன்படும் முதன்மையான மருந்துகள். பல் பிடுங்கும்போது மனிதருக்குப் போடப்படும் "மரத்துப்போகும் ஊசி"யும் இவ்வகையைச் சேர்ந்ததே. பேச்சு வழக்கில் இவற்றையும் மயக்க மருந்து என்பதுண்டு. ஆயினும் இவற்றால் மயக்கம் ஏற்படுவதில்லை என்பதால் உணர்விழப்பு மருந்து என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

தேவை

ஊர்வன விலங்கு அசையாமல் இருப்பதும் அதற்கு வலி இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நேர்ந்த பிழைகள் ஊர்வன மருத்துவத்தில் பல. ஊர்வன சூழலின் வெப்பத்தைச் சார்ந்து வாழ்பவை. குளிரூட்டினால் அவற்றின் இயக்கம் மெல்ல நின்றுவிடும். இதைப் பயன்படுத்தி, பனிக்கட்டியிலோ குளிர்பெட்டியிலோ வைத்து அவற்றை அசைவற்றதாக்கி அறுவை செய்யும் வழக்கம் முன்பு இருந்தது. குளிரில் விறைத்த விலங்கால் விலகியோட இயலாதே தவிர, அதற்கு வலி தெரியாது எனக் கொள்ள இயலாது. எனவே அறுவைக்குக் குளிரூட்டல் மட்டும் போதும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் இன்று பரவலாக ஏற்பதில்லை. முதலைகளைக் கையாளப் பயன்பட்டுவந்த கேலமின் என்னும் மருந்தும் இத்தகையதே. அது நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்து விலங்கை முடக்குகிறது. நினைவும் வலியுணர்வும் அப்படியே இருக்கும்.

முழு மயக்கத்திலும் சிக்கல்கள் உள்ளன. ஆமைகளால் நெடுநேரம் மூச்சை அடக்க முடியும். ஆகவே ஐசோபுளூரேன் போன்ற வளிம மருந்தை முகமூடி வழியே கொடுத்து மயக்குவது கடினம். முதலைகள் நீங்கலான ஊர்வனவற்றின் இதயத்தில் கீழறை முழுமையாகப் பிரிக்கப்படவில்லை. இதனால் இரத்தத்தின் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமலே உடலுக்குத் திரும்பிவிடக்கூடும். மயக்கத்தின் ஆழத்தை முன்கூட்டிக் கணிப்பதும் அரிதாகிறது. வலி நீக்கிகளைப் பொறுத்தவரை, நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்த பியூட்டர்பனால் செங்காது ஆமைகளில் வலியைக் குறைக்கவில்லை என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் மார்பின் வலியைக் குறைத்தது, ஆனால் சுவாசத்தை நெடுநேரம் தாழ்த்தியது. மூச்சை இவ்வாறு தாழ்த்தாமல் வலியை அது தோன்றும் இடத்திலேயே நிறுத்துவதால் உள்ளிட மருந்து இங்கு மதிப்புப் பெறுகிறது.

செயற்படும் முறை

நரம்பிழை வழியே மின்குறிப்பு நகர வேண்டுமாயின் அதன் சவ்விலுள்ள நுண்தடங்கள் திறந்து சோடியம் அயனிகள் உட்புக வேண்டும். உள்ளிட மருந்து இத்தடங்களை உட்புறமிருந்து அடைக்கிறது. மின்குறிப்பு அவ்விடத்திலேயே நின்றுவிடுவதால் மூளைக்கு வலிச்செய்தி எட்டுவதில்லை. மருந்து கரைந்து அகன்றதும் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பும்.

இம்மருந்துகள் வலுக்குறைந்த காரங்கள். மின்னூட்டமற்ற மூலக்கூறே சவ்வைக் கடந்து உள்ளே செல்லும். லிடோகெயினில், காரகாடித்தன்மைச் சுட்டெண் 7.4 ஆக இருக்கும்போது ஏறத்தாழக் கால் பங்கு இவ்வடிவில் இருக்கும். சீழ்பிடித்த திசு அமிலத்தன்மை மிகுந்தது. அங்கே இப்பங்கு மேலும் குறைவதால் மருந்து சரிவர வேலை செய்யாது. ஆமைகளின் காதுக் கட்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊர்வனவற்றின் சீழ் நீர்மமாக இராமல் பாலாடைக்கட்டி போல் இறுகியிருப்பதால் அதைக் கீறித் தோண்டியே எடுக்க வேண்டும். கட்டிக்குள் ஊசி போடுவதால் பயனில்லை. சுற்றியுள்ள நலமான திசுவில் வளையமாகப் போடுவதே முறை.

பயன்படுத்தும் வழிகள்

காயம் தைத்தல், சிறு கட்டி அகற்றல், திசு மாதிரி எடுத்தல் போன்றவற்றுக்குத் தோலடியில் மருந்தைப் பரப்பினால் போதும். தோலின்மேல் பூசும் களிம்புகள் செதில்களைக் கடந்து ஊடுருவுவது ஐயத்திற்குரியது. பாம்புகளுக்கு இமைகள் இல்லை. ஒளி ஊடுருவும் ஒரு செதில் கண்ணை மூடியிருக்கிறது. ஆகவே பிற விலங்குகளின் கண்ணில் விடும் உணர்விழப்புச் சொட்டு மருந்து பாம்பின் விழிவெண்படலத்தை நேரே எட்டாது.

குறிப்பிட்ட நரம்பைத் தேடி மருந்திடுவது கடினமான வழி. முதலையினங்களின் கீழ்த்தாடை நரம்பை இவ்வாறு தடுக்கும் முறை 2006இல் வெளியிடப்பட்டது. தாடை எலும்பின் வெளிப்புறத்தில் இயற்கையாகவே உள்ள துளை வழியாக ஊசி செலுத்தப்படுகிறது. ஊசி முனையிலிருந்து சிறு மின்னோட்டம் விடும்போது தசை துடித்தால் நரம்பு அருகில் உள்ளது எனக் கொண்டு மெபிவகெயின் செலுத்தப்படுகிறது. முதலை தன் வாயை மூடும் விசையை எண்ணிப் பார்த்தால், இதுவும் உரிய கட்டுப்பாட்டுடனோ வேறு மயக்கத்துடனோ தான் செய்யப்பட வேண்டும் என்பது விளங்கும். உள்ளிட மருந்து வலியை நீக்கும், அச்சத்தை நீக்காது.

ஆமைகளில் தண்டுவட ஊசி

ஆமையின் முதுகெலும்பு மேலோட்டுடன் இணைந்துவிட்டதால், மனிதருக்குப் போடுவது போல் இடுப்பில் தண்டுவட ஊசி போட இயலாது. எனினும் வாலின் முள்ளெலும்புகள் தனித்தே உள்ளன. மேலும், மனிதரின் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிட, ஊர்வனவற்றில் அது வால்வரை நீள்கிறது. எனவே வாலின் மேற்புற நடுக்கோட்டில், இரு முள்ளெலும்புகளின் இடையே நுண்ணூசியைச் செலுத்தினால் போதும். வாலும் பொதுப்புழையும் பின்னங்கால்களும் தளர்வதே மருந்து சேர்ந்ததன் அடையாளம். லிடோகெயினின் விளைவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும். பியூபிவகெயினின் விளைவு அதனினும் நீளும். முதல் ஊசி பலனளிக்காமல் மறுமுறை போட வேண்டிவருவதும் உண்டு.

ஆண் ஆமைகளில் ஆண்குறி வெளியே பிதுங்கி உள்ளே திரும்பாமற் போவது அடிக்கடி காணப்படும் நோய்நிலை. திசு அழுகிவிட்டால் அதனை அகற்ற நேரிடும். ஊர்வனவற்றில் சிறுநீர் இவ்வுறுப்பின் வழியே செல்வதில்லை; ஆகவே அகற்றியபின்பும் விலங்கு இயல்பாக வாழும்.

இம்முறை பெரிய அளவில் பயன்பட்ட இடம் கலாபகசுத் தீவுகள். பிண்டா தீவின் ஆமையினத்தில் எஞ்சியிருந்த "தனிமை ஜார்ஜ்" என்னும் ஆண் ஆமை சாந்தா குரூசு தீவில் பேணப்பட்டு வந்தது. ஆடுகள் ஒழிக்கப்பட்ட பிண்டாவில் செடிகொடிகளைச் சீர்ப்படுத்தப் பேராமைகள் தேவைப்பட்டன. கலப்பின ஆமைகள் இருந்தன. ஆனால் அவை அங்கே இனம் பெருக்கிவிடக் கூடாது. எனவே பெண் ஆமைகளுக்கு உள்நோக்கி வழியே சூலகம் அகற்றப்பட்டது. ஆண் ஆமைகளுக்கு முழு மயக்கமின்றி, லிடோகெயின் தண்டுவட ஊசியின் கீழ் அறுவை செய்யப்பட்டது. விரைகள் நீக்கப்படாததால் அவற்றின் இயல்பான நடத்தை மாறாமலிருக்கும் என்பது இதன் வசதி. இனப்பெருக்கம் செய்ய இயலாத 39 கலப்பின ஆமைகள் 2010 மே மாதத்தில் பிண்டாவில் விடப்பட்டன. ஜார்ஜ் 2012 சூன் 24 அன்று இறந்தது. அத்துடன் அவ்வினமும் அற்றுப்போனது.

வால் வழி ஊசி எல்லா ஊர்வனவற்றுக்கும் பொருந்தாது. வீட்டுப்பல்லி போன்றவை ஆபத்தில் வாலைத் தாமே துண்டித்துக்கொள்ளும். வாலைப் பிடித்து ஊசி போட முயன்றால் மருத்துவர் கையில் வால் மட்டுமே மிஞ்சலாம்.

அளவும் நச்சுத்தன்மையும்

அளவு மிகுந்தால் வலிப்பும், அதன்பின் இதயத்துடிப்புக் கோளாறும் ஏற்படும். பியூபிவகெயின் இதயத்திற்குக் கூடுதல் தீங்கு செய்வது. ஊர்வனவற்றுக்குரிய அளவுகள் பெரும்பாலும் பாலூட்டிகளிலிருந்து பெறப்பட்டவை. உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு லிடோகெயின் 5 மில்லிகிராமையும், பியூபிவகெயின் 2 மில்லிகிராமையும் தாண்டலாகாது என்பது வழக்கமான பரிந்துரை.

சிறு விலங்குகளில் இவ்வரம்பை மீறுவது எளிது. 50 கிராம் எடையுள்ள பல்லிக்கு லிடோகெயினின் மேல்வரம்பு 0.25 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 2 விழுக்காட்டுக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் மருந்து உள்ளது. ஆகவே அப்பல்லிக்குத் தரக்கூடியது 0.0125 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு துளியின் கால் பங்கு. இவ்வளவு சிறிய கன அளவைச் சரியாக அளப்பது இயலாது. உப்புக்கரைசல் சேர்த்து 0.5 விழுக்காடாக நீர்த்தால் அதே மருந்து 0.05 மில்லிலிட்டராகிறது, இன்சுலின் ஊசிக்குழாயால் இதை அளக்கலாம். எனவே விலங்கை முதலில் எடைபோட்டு, அளவைக் கணக்கிட்ட பின்னரே மருந்து எடுக்கப்படுகிறது.

குளிர்ந்த விலங்கின் கல்லீரல் மருந்தை மெதுவாகவே சிதைக்கும். ஆகையால் அறுவையின்போதும் அதன் பின்னரும் அவ்வினத்திற்கு உகந்த வெப்பநிலையில் விலங்கைப் பேண வேண்டும். பின்னங்கால்கள் மரத்திருக்கும் ஆமையை உணர்வு முழுதும் திரும்பும்வரை தண்ணீரில் விடுவதில்லை.