யாழ்ப்பாணச் செம்மண்ணும் கமக்காரர் அறிவும்: பசளை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மண் வளமிழப்பை ஆராய்வோர் பலர் சிறு கமக்காரரின் அறியாமையை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொள்வர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. வற்றாத ஆறுகளற்ற இந்நிலத்தில், சுண்ணக்கற் பாறைமீது படிந்த செம்மண் நீரையும் சத்தையும் நெடிது தாங்காது. ஆதலால், வளம் ஆண்டுதோறும் உழைப்பால் ஆக்கப்படவேண்டியது என்பதைக் கமக்காரர் உணர்ந்திருந்தனர்.

ஆடு மாடுகளை இரவில் தோட்டக்காணியில் பட்டியடைத்தனர். பூவரசு முதலியவற்றின் குழையையும் பனையோலையையும் மண்ணுள் தாழ்த்தனர். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலை இவ்வாறு பேணப்பட்ட மண்ணில் விளைந்ததாகும். எனினும், அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது. குழை வெட்டித் தாழ்க்கும் கடும் உழைப்பில் பெரும்பங்கு, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுடையது. மண்ணை நன்கறிந்த பலருக்குக் காணி சொந்தமாயிருக்கவில்லை.

1962இல் இலங்கை அரசு பசளை மானியத்தை அறிமுகப்படுத்தியது. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலையைப் பெற்றுத்தந்தது. நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. யூரியா ஆள்தேவையைக் குறைத்து, பயிரை விரைவில் பச்சை பிடிக்கச் செய்தது. கூலியும் விலையும் கணித்தே கமக்காரர் அதனை ஏற்றனர். பயிர் செழித்தமையால் கேடு தோட்டத்தில் புலப்படவில்லை, கிணற்றில் புலப்பட்டது. செம்மண்ணையும் பாறை வெடிப்புகளையும் கடந்து வடிந்த நைத்திரேற்று, குடிநீரிற் கலந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். 1980களின் ஆய்வுகள் பல கிணறுகளில் அதனை விஞ்சிய அளவைக் கண்டன.

பின்னர் இருமுறை இரசாயனப் பசளை வெளியிலிருந்தே தடுக்கப்பட்டது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் நிலவிய பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கிற்று. 2021 மே மாதத்தில் அரசு நாடு முழுவதற்கும் இறக்குமதித் தடை விதித்து, நவம்பரில் அதனைக் கைவிட்டது. குழை தந்த வேலிகள் மதில்களாக மாறிவந்த நிலையில், மாற்றுக்கு அவகாசமின்றி வந்த ஆணை அது.

மண்ணைக் காக்க அறிவு மட்டும் போதாது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படுவது. காணியுரிமை, நியாயமான கூலி, கால்நடை, அவகாசம் ஆகியனவும் வேண்டும். போரால் பெயர்ந்து ரொறன்ரோவில் முதுமையடைந்தோரிடையே காணி வைத்திருந்தோரும் உளர். பிறர் காணியில் உழைத்தோரும் உளர். இருசாராரின் வாய்மொழியையும் பதிவுசெய்தல் காலந்தாழ்த்தலாகாத பணியாகும். ஒருசாராரின் நினைவை மட்டும் கொண்டு எழுதப்படும் மண் வரலாறு குறையுடையதாகவே அமையும்.