சென்னா காது கொடுத்துக் கேட்ட சத்தம்

1994 ஏப்ரல் 17. ஜப்பான், ஐடா டிராக். முதல் வளைவிலேயே பின்னாலிருந்து இடி வாங்கி அயர்டன் சென்னா அவுட். மனுஷன் கிளம்பாம ஓரமா நின்னு, ஷூமாக்கரோட பெனட்டன் கார் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தார். இந்த வரலாற்றுல எனக்கு மறக்காத காட்சி இதுதான். அவர் சந்தேகம்: இதுல டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஓடுதோ?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது டயர் பிடிப்பு இல்லாம வெறுமனே சுத்தினா, சென்சார் கண்டுபிடிச்சு இன்ஜின் சக்தியைக் குறைக்கும். அப்போ இன்ஜின் சத்தம் விட்டு விட்டு வரும். அதைத்தான் அவர் காது தேடுச்சு. 1992ல மான்செல் ஜெயிச்ச வில்லியம்ஸ்ல இது இருந்தது; 1994ல தடை.

விசாரணையில பெனட்டன் மென்பொருளுக்குள்ள, மெனுவில காட்டாத லாஞ்ச் கன்ட்ரோல் கிடைச்சது. ரேஸ்ல பயன்படுத்தினதுக்கு ஆதாரம் கிடைக்கலை. அதைக் கேட்க சென்னா இல்லை; மே 1, இமோலாவில் இறந்துட்டார்.

சோதிக்க வழியில்லாத தடை என்ன தடைன்னு எனக்குத் தோணும். 2001ல திரும்ப அனுமதிச்சாங்க. 2008ல எல்லா அணிக்கும் ஒரே கன்ட்ரோல் யூனிட் வந்த பிறகுதான் தடை நிஜமாச்சு.

சரி, நம்ம கார் பட்டன்? மழை ரோட்டுல தொடாதீங்க. மணல்லயோ சேத்துலயோ சிக்கினா மட்டும் ஆஃப் பண்ணுங்க. அங்க சக்கரம் கொஞ்சம் சுத்தினாத்தான் கார் வெளிய வரும். இது சக்தியைக் குறைச்சு அங்கேயே உட்கார வெச்சிடும். வெளிய வந்ததும் மறக்காம ஆன் பண்ணிடுங்க.