வெட்டியும் வீணாகாத ஒளி

நான் தாமல்காரன். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் தகவல்தொடர்புப் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் வருஷா வருஷம் திணறுவது ஓ.எஃப்.டி.எம். சிக்னலின் உச்சத்தில்தான்.

1966-இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங், ஒன்றையொன்று கெடுக்காத பல துணை அலைகளில் தரவைப் பங்கிட்டு அனுப்பலாம் என்று காட்டினார்; ஓ.எஃப்.டி.எம். என்பது அதுதான். 1971-இல் வைன்ஸ்டீனும் எபர்ட்டும் அதை ஃபூரியே கணக்கிலேயே முடித்தார்கள். வைஃபை, 4ஜி எல்லாம் அந்த வழி வந்தவை. வம்பு என்னவென்றால், துணை அலைகள் 64 என்றால், அத்தனையும் ஒரே கணத்தில் சேர்ந்து எழும்பினால் உச்சத் திறன் சராசரியைப்போல் 64 மடங்கு. அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனாலும் அதற்காகவே பெருக்கியைப் பெரிதாகப் போடவேண்டும்.

விடையின் ஒரு பகுதி கேள்விக்கு முன்பே இருந்தது. மார்செல் கோலே 1949-இல் அகச்சிவப்பு நிறமாலை ஆய்வுக்காக உண்டாக்கிய இணைத்தொடர்களை எடுத்து, 1999-இல் டேவிஸும் ஜெட்வாபும் உச்சம் சராசரியின் இரு மடங்கைத் தாண்டாத குறியீடுகளைக் கட்டினார்கள். துணை அலைகள் பெருகினால் அந்தக் குறியீட்டில் தரவுக்கு இடம் சுருங்கிவிடும். அதற்கு முன்பே, 1996-இல், பாய்ம்ல், ஃபிஷர், ஹூபர் மூவரும் சொன்னது எளிமையானது: ஒரே தரவைப் பல கட்டமாற்றங்களோடு செய்து பார், உச்சம் குறைந்ததை அனுப்பு.

இதே சிக்னலை எல்.இ.டி. விளக்கின் ஒளியில் அனுப்ப வந்தபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது. எல்.இ.டி. அதிகமாக எரியும், குறைவாக எரியும், அணையும். பூஜ்யத்துக்குக் கீழே எரியாது. சிக்னலின் கீழ்ப்பாதியை மேலே தூக்க நிலையான வெளிச்சத்தைக் கூட்டினார்கள். தரவு சுமக்காத அந்த வெளிச்சத்துக்கும் மின்சாரம் போகிறது.

2006-இல் ஜீன் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆர்தர் லோரியும் வேறு வழி பிடித்தார்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள துணை அலைகளில் மட்டும் தரவை ஏற்றினால், சிக்னலின் பின்பாதி முன்பாதியின் தலைகீழாக வரும். எனவே பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதை அப்படியே வெட்டிவிடலாம். வெட்டுப்பட்டது மறுபாதியில் நிமிர்ந்து நிற்கிறது. வெட்டால் பிறக்கும் இரைச்சலும் இரட்டைப்படை அலைகளில் போய் விழுகிறது. அங்கே தரவே இல்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்குக் கரும்பலகை தேவைப்படுவதில்லை. தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் போனால் யாரும் தண்ணீர் வீணாகிறது என்று சொல்வதில்லை. அது கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகிறது. பாலாற்றுப் பக்கத்து ஏரிகளைத் தொடராக அமைத்தவர்கள் வழிந்ததற்கும் இடம் விட்டுத்தான் அமைத்தார்கள்.

இடம் விடுவது இலவசமில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் முறையில் பாதி அலைகள் சும்மா கிடக்கின்றன. மேல்பக்க உச்சமும் அப்படியே நிற்கிறது, எல்.இ.டி. தாங்காத இடத்தில் அதை வெட்டினால் தரவு நிஜமாகவே கெடும்.

ஒளிவழித் தரவுக்காக 2023-இல் வந்த 802.11பிபி தரநிலை இந்த நுட்பத்தின் பக்கம் போகவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் வைஃபை சில்லின் சிக்னலையே எடுத்து, நிலையான வெளிச்சத்தைக் கூட்டி, ஒளியில் ஏற்றிவிட்டது. மின்சாரக் கணக்கில் எனக்கு வருத்தம்தான். விலைக் கணக்கில் அவர்களை மறுக்க என்னிடம் பதில் இல்லை.