தலித் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை: முதல் தகவல் அறிக்கையில் விடுபடும் பிரிவுகள்

பாலியல் வன்முறைக்கு ஆளாகும் தலித் குழந்தைக்கு இந்தியாவில் இரண்டு சிறப்புச் சட்டங்களின் பாதுகாப்பு உண்டு. ஒன்று, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மற்றொன்று, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். எனினும், எங்களிடம் வரும் முதல் தகவல் அறிக்கைகளில் போக்சோ பிரிவுகள் மட்டுமே இருப்பதை நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிறோம். “இது சாதிக்காக நடந்த குற்றமல்ல” என்பதே காவல் நிலையத்தில் சொல்லப்படும் காரணம். அக்காரணத்தைச் சட்டம் ஏற்பதில்லை.

அறிந்திருந்தாலே போதும்

பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் பட்டியல் சாதியினர் மீது இழைக்கப்பட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(2)-இன் ஐந்தாம் உட்கூறு ஆயுள் தண்டனை விதிக்கிறது. முன்பு, பாதிக்கப்பட்டவரின் சாதியே குற்றத்திற்குக் காரணம் என மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. சாதியை அறிந்து குற்றமிழைத்திருந்தாலே இன்று போதும். குற்றம் சாட்டப்பட்டவர் அக்குடும்பத்தை நேரில் அறிந்தவர் எனில், சாதியையும் அறிந்திருந்தார் என்றே பிரிவு 8(சி)-இன்படி நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடத்தில், குழந்தை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பதை அறியாதவர் யார்?

விடுபட்டால் இழப்பவை

இப்பிரிவுகள் சேர்க்கப்பட்டால் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். பிரிவு 18 முன்பிணைக்குத் தடை விதிக்கிறது. பிணை உள்ளிட்ட ஒவ்வொரு கட்டத்திலும் தம் தரப்பைச் சொல்லும் உரிமையைப் பிரிவு 15ஏ குடும்பத்திற்கு வழங்குகிறது. பாலியல் வல்லுறவுக்கு 5 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 8.25 லட்சம் ரூபாய் தீருதவியாக விதிகளில் உள்ளது. அதில் பாதியை, மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தும் அறிக்கையும் முடிந்தவுடனே தர வேண்டும். கூலி வேலையை விட்டு நீதிமன்றத்திற்கு அலையும் பெற்றோர் வழக்கில் நிலைத்து நிற்பதும், பின்வாங்குவதும் பல நேரங்களில் இத்தொகையைப் பொறுத்தே அமைகிறது.

சமரசம் தீர்வாகாது

ராஜஸ்தானில் பட்டியல் சாதி மாணவி ஒருவரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக ஆசிரியர் ஒருவர் மீது 2022இல் வழக்குப் பதிவானது. குடும்பத்துடன் சமரசம் ஏற்பட்டதாகக் கூறப்பட்டதை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. வழக்கில் தரப்பினராக இல்லாத இருவர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அவர்களது முறையீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 7 அன்று அந்த ரத்தாணையை நீக்கியது. இத்தகைய குற்றம் இரு தரப்பாருக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அன்று, சமூகத்திற்கு எதிரானது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• புகாரிலேயே குழந்தையின் சாதியையும், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குடும்பத்தை எவ்வாறு தெரியும் என்பதையும் எழுதுங்கள்.

• வாக்குமூலத்தை வீட்டிலேயே, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரே, சீருடையின்றிப் பதிவு செய்யக் கோருங்கள். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

• 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவிற்குத் தகவல் சென்றதா எனக் கேளுங்கள்.

• பிரிவுகள் விடுபட்டிருப்பின் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாக மனு அளியுங்கள். பலனில்லையெனில் நீதிமன்றத்தை அணுகுங்கள்.

புகாரைப் பதிய மறுப்பது போக்சோ பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. முதல் நாளில் எழுதப்படாத ஒரு பிரிவுக்காக அக்குழந்தை ஆண்டுக்கணக்கில் போராட நேரிடக் கூடாது.